கச்சேரித் திரையிடல்: குச்சி தெரிகிறது, அடி கேட்கவில்லை

மறுதிரையிடலுக்கு டிக்கெட் விலை இறங்கும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்வி இது: பதிவு செய்த கச்சேரியைத் தியேட்டரில் போய்ப் பார்க்கலாமா, இல்லை வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டால் போதுமா? பல வருடப் பழக்கத்தில் சொல்கிறேன். படத்தில் குறையே கிடையாது. பதிவிலும் பெரும்பாலும் கிடையாது. கெடுவதெல்லாம் ஒரே இடத்தில்தான், ஆபரேட்டர் அறையில் உள்ள சவுண்ட் ப்ராசஸரின் ஃபேடரில், அதாவது அரங்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில்.

பெரும்பாலான ப்ராசஸர்களில் ஃபேடர் 0 முதல் 10 வரை ஓடும். 7 என்பது தர அளவு. ஒலிகளைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் தியேட்டரில் அந்த அளவில் வைத்துத்தான் கேட்டு முடிவு செய்கிறார்கள். 4-க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் சுமார் 3.3 டெசிபல். ஆனால் நிறைய தியேட்டர்களில் முள் நிற்பது 5-ல், சில இடங்களில் 4.5-ல். கணக்குப் போட்டால் 7 முதல் 8 டெசிபல் வரை காணாமல் போகிறது. 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியாகிவிட்டதாகக் காதுக்குத் தோன்றும். வசனப் படத்துக்கு இது பரவாயில்லை, பேச்சு புரிந்தால் போதும். கச்சேரிக்குப் போதாது. சத்தம் இறங்கும்போது காது முதலில் இழப்பது கீழ்ஸ்தாயியை. பேஸ் கிட்டார் மெலிந்துவிடும், காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம் அட்டைப் பெட்டியைத் தட்டுவது போலாகிவிடும், பாடகர் குரல் மட்டும் தனியே துருத்திக்கொண்டு நிற்கும்.

ஏன் இப்படி? ட்ரெய்லரும் விளம்பரமும் காதைப் பிளக்கிறது என்று யாராவது புகார் செய்வார்கள், ஃபேடரை இறக்குவார்கள். நிகழ்ச்சி தொடங்கும் இடத்தில் அதைத் தானாக மீண்டும் ஏற்றும் கட்டளையை (க்யூ) பிளேலிஸ்டில் சேர்க்க மறந்துவிடுவார்கள். பக்கத்து ஸ்க்ரீனுக்குச் சத்தம் கசியும் கட்டடம் என்றால் வேண்டுமென்றே இறக்குவதும் உண்டு. கீழ்ஸ்தாயி ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரின் கோன் கிழிந்து கரகரத்தாலும் அதே வைத்தியம்தான். வாரக்கணக்கில் ஓடும் படமாக இருந்தால் யாராவது கவனித்துச் சரிசெய்வார்கள். கச்சேரி ஒரு நாள், ஒரு காட்சி. முன்கூட்டி ஐந்து நிமிடம்கூட ஓட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் சிறப்பு நிகழ்ச்சி என்று சொல்லி வழக்கமான படத்தைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஏனென்றால் பார்க்கக் கிடைப்பது அவ்வளவு அருமையான விஷயம். டிரம்மரின் இடது கையைக் கவனியுங்கள். முன்னால் இருக்கும் ஸ்நேர் டிரம்மில் விழும் பெரிய அடிகளுக்கு நடுவே, குச்சி ஒரு விரற்கடைகூட எழும்பாமல் தோலைத் தொட்டுத் தொட்டு மீளும். பாட்டின் நடையைத் தூக்கிப் பிடிப்பதே அந்தச் சின்ன அடிகள்தான். ஸ்டேடியத்தில் எவ்வளவு கொடுத்து உட்கார்ந்தாலும் அது கண்ணில் படாது, எதிரொலியில் காதிலும் விழாது. தியேட்டரில் பத்தடி உயரத்துக்குத் தெரிகிறது. ஃபேடர் 5-ல் இருந்தால் குச்சி விழுவது தெரியும், அடி கேட்காது.

தியேட்டருக்கு வரும் நேரலைதான் உசத்தி, பதிவு மட்டம் என்பதை நான் ஏற்கவில்லை. நியூயார்க் மெட்ரோபொலிட்டன் ஓபரா 2006 டிசம்பரில் தியேட்டர் நேரலையைத் தொடங்கியது. சாட்டிலைட் வழியே வரும் நேரலையில் கனமழை பெய்தால் படம் உறையும், மிக்ஸும் போகிற போக்கில் நடக்கும். பதிவில் இதையெல்லாம் சரிசெய்ய அவகாசம் இருக்கிறது.

பதிவுக்கென்றே சில கோளாறுகளும் உண்டு. நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்ததைத் தியேட்டருக்காக 24-க்கு இறக்கும்போது ஸ்ருதியைத் திருத்தாமல் விட்டால், 440 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய சுரம் 422.4 ஆகிவிடும். ஒரு அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான இறக்கம். 96 நிமிடக் கச்சேரி 100 நிமிடம் ஓடும், எல்லோரும் கொஞ்சம் களைப்பாக வாசிப்பது போலிருக்கும். இன்னொன்று, வெட்டு. டெய்லர் ஸ்விஃப்ட்டின் 2023 சுற்றுப்பயணப் படத்தில் தியேட்டரில் இல்லாத மூன்று பாடல்கள், இரண்டு மாதம் கழித்து வந்த வீட்டு வாடகைப் பதிப்பில் இருந்தன. முதலில் காசு கொடுத்து வந்த ரசிகருக்குக் குறைவாகக் கொடுப்பது நியாயமே இல்லை.

இருக்கை: திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம், வரிசையின் நடுவில். ஓரம் வேண்டாம். சில கச்சேரிகளில் ஸ்டீரியோ மிக்ஸை அப்படியே இடது வலதுக்குக் கொடுத்துவிட்டு நடு ஸ்பீக்கரைக் காலியாக விட்டிருப்பார்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டுமே கேட்கும். கடைசி வரிசையும் வேண்டாம். ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 42 மில்லிசெகண்ட், அதற்குள் ஒலி கடப்பது 14 மீட்டர்தான். பெரிய அரங்கில் கை இறங்கிய பிறகு அடி கேட்கும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், சிறப்பு விலைக்கு இப்போதைக்குப் போகாதீர்கள் என்றே சொல்வேன். விலை குறைந்த மறுகாட்சிக்குப் போங்கள். உள்ளே நுழையும் முன் மேனேஜரிடம் ஃபேடர் எந்த எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள், 6-க்குக் குறைந்தால் ஏற்றச் சொல்லுங்கள். முதல் பாட்டிலேயே கிக் டிரம் நெஞ்சில் படவில்லை என்றால் உடனே எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள். இடைவேளைவரை பொறுத்தால் பாதிக் கச்சேரி போய்விடும்.