நேரவாரிக் கட்டணமா, ஸ்லாப் கட்டணமா: சென்னை வீட்டுக்கு எது இலாபம்?

எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பதிவு செய்யும் ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால், நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் நேரவாரிக் கட்டணமும் வரும், இரவு பத்து மணிக்கு மேல் வாஷிங் மெஷினைப் போட்டுக்கொள்ளலாம், கரண்ட் பில் குறைந்துவிடும் என்ற எண்ணம் எங்கள் குடியிருப்பில் பலரிடம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சொல்லிக் கேட்டது அது. இங்கேயும் பெருந்தொழில்களின் உயரழுத்த இணைப்புகளுக்கு இரவு 10 முதல் காலை 5 மணி வரை 5 விழுக்காடு தள்ளுபடியும், மின் தேவை மிகும் காலை மாலை உச்ச நேரங்களில் 25 விழுக்காடு கூடுதல் கட்டணமும் உண்டு. ஆனால் 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் மலிவு நேரமாகக் காட்டுவது இரவை அல்ல, பகலை. சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் பகல் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 விழுக்காடு இறங்க வேண்டும் என்றும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு ஏற வேண்டும் என்றும் அவை கூறுகின்றன.

இந்த ஒரு மாற்றம் நம் ஊரில் கணக்கையே புரட்டிப் போடுகிறது. கத்திரி வெயிலில் ஏ.சி. ஓடுவது பெரும்பாலும் இரவில். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் எல்லோரும் போய்விட்ட பகலிலோ வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊகமாகப் பேசாமல் இருப்பதற்காக, கடந்த மே மாதத்தில் ஒரு வாரம் காலை ஆறு, ஒன்பது, மாலை ஐந்து, ஆறு, இரவு பத்து என ஐந்து வேளையும் மீட்டர் ரீடிங்கைக் குறித்து வைத்தேன். மொத்தம் 70 யூனிட் ஆயிற்று. அதில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை மட்டும் 38, மாலை ஆறு முதல் பத்து வரை 16, பகல் ஒன்பது முதல் ஐந்து வரை 9, எஞ்சிய நேரத்தில் 7. இதே வேகத்தில் போனால் இரண்டு மாத பில் ஏறத்தாழ 600 யூனிட்டுக்கு வரும்.

இனி விலைக்கு வருவோம். 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த விகிதங்களையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். அதன்பின் விகிதங்கள் ஏறியிருந்தாலும் கணக்கின் போக்கு மாறவில்லை. அந்த விகிதத்தில் 600 யூனிட்டுக்கு 2,750 ரூபாய், அதாவது சராசரியாக யூனிட்டுக்கு 4.58 ரூபாய். இந்தச் சராசரியின் மேல் மத்திய விதிகளின் 20 விழுக்காடு பகல் தள்ளுபடியையும் 10 விழுக்காடு மாலைக் கூடுதலையும் போட்டுப் பார்த்தால், பகலில் சுமார் 70 ரூபாய் குறைகிறது, மாலையில் சுமார் 63 ரூபாய் கூடுகிறது. இரண்டு மாதத்துக்கு மிச்சம் ஏழெட்டு ரூபாய். துணி துவைப்பது, இஸ்திரி போடுவது என நாளுக்கு ஒரு யூனிட்டை மாலையிலிருந்து பகலுக்கு நகர்த்தினாலும், மேலும் 80 ரூபாய்தான் தேறும். அதே சமயம், கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவாகும் வீடுகளுக்குக் கொண்டுவந்ததுபோல் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை 10 விழுக்காடு குறைத்து, மாலையில் 25 விழுக்காடு கூட்டினால், பழக்கத்தை மாற்றாத எங்கள் வீட்டுக்கு 94 ரூபாய் கூடுதலாகவே ஆகும்.

இதற்கு எதிரே, யூனிட் கூடக்கூட படிப்படியாக விகிதமும் ஏறும் ஸ்லாப் கணக்கை வைத்துப் பாருங்கள். 500 யூனிட்டுக்குள் நின்றால் பில் 1,725 ரூபாய். 510 யூனிட் ஆனால் 2,030 ரூபாய். கூடுதலான பத்து யூனிட்டுக்கு மட்டும் 8 ரூபாய் வீதம் போட்டால் 80 ரூபாய்தான் ஏறியிருக்க வேண்டும். ஆனால் 500-ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான 2.25 ரூபாய் சலுகை விகிதமும் போய்விடுவதால் 305 ரூபாய் ஏறுகிறது. 600-லிருந்து 500-க்கு இறங்கும் வீட்டுக்கு மிச்சம் 1,025 ரூபாய். அந்த நூறு யூனிட்டைக் குறைப்பதும் எட்டாத காரியம் அல்ல. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள் மூன்றை 30 வாட்டுக்குள் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால், நாளுக்கு 12 மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்தில் 97 யூனிட் குறையும். ஏ.சி.யை 22-லிருந்து 25-க்கு ஏற்றி வைத்தால் மீதியும் குறைந்துவிடும். எந்த நேரத்தில் செலவழிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதே இங்கு பில்லைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

பகலில் இன்வெர்ட்டர் பேட்டரியை ஏற்றி மாலையில் அதில் ஓட்டலாமே என்று ஒருவர் கேட்டார். சாதாரண நேரத்தில் யூனிட் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பகலில் 80 பைசாவுக்கு ஏற்றி மாலையில் 110 பைசாவை மிச்சப்படுத்துவது என்றால், ஏற்றிய மின்சாரத்தில் 73 விழுக்காட்டுக்கு மேல் திரும்பக் கிடைத்தாக வேண்டும். வீடுகளில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியில் அந்த அளவே கிடைப்பது அரிது. பேட்டரியின் தேய்மானம் வேறு.

நேரவாரிக் கட்டணம் உண்மையிலேயே உதவும் வீடுகளும் உண்டு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் பகல் முழுதும் ஏ.சி. போட்டு, மொத்தம் 1,000 யூனிட்டில் 400-ஐப் பகலிலும் 200-ஐ மாலையிலும் செலவிடுகிறார் என்றால், 6,550 ரூபாய் பில்லில் ஏறத்தாழ 390 ரூபாய் குறையும். மாடியில் சோலார் போட்டவருக்கு இந்தத் தள்ளுபடியால் பெரும்பயன் இல்லை. அவருடைய பகல் தேவையைக் கூரையே கொடுத்துவிடுகிறது.

அதைவிடத் தெளிவான இலாபம், மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கான அடுக்குமாடிகளின் பொது இணைப்பில் இருக்கிறது. அங்கே ஸ்லாப் கிடையாது. 2022 விகிதத்தில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என ஒரே விலை. லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு மிகாத, பத்து வீடுகளுக்குள் அடங்கும் குடியிருப்புகளுக்கு மட்டும் 2023-இல் அது 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. எட்டு ரூபாய் கட்டும் குடியிருப்பில் நேரவாரிக் கட்டணம் வந்தால், மாலை ஆறரைக்குப் போடும் மோட்டாருக்கு யூனிட் 8.80 ரூபாய்க்கு மேலும், காலை பதினொன்றுக்குப் போட்டால் 6.40 ரூபாயாகவும் ஆகும். மெட்ரோ தண்ணீர் விடியற்காலையில் வந்தாலும், லாரி எந்நேரம் வந்தாலும், அது முதலில் தரைக்கடித் தொட்டியான சம்ப்பில்தான் விழுகிறது. சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு எப்போது ஏற்றுவது என்பது நம் கையில் இருக்கிறது. எங்கள் சங்கத்தில் வாட்ச்மேனிடம் இப்போதே மோட்டார் நேரத்தைப் பதினொரு மணிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறோம். மேல்தொட்டி மறுநாள் காலைவரை தாங்குகிறதா என்று இந்த மாதம் முழுதும் பார்க்கப்போகிறோம்.