கீமோ நேரத்தில் "இதயத்தைக் காக்கும்" மூலிகைக் குளிசை வாங்காதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை பக்கம் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால் இதை அந்த வீட்டில் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். சிவப்பு மருந்து, அதாவது டொக்சோரூபிசின், 3 வாரத்துக்கு ஒன்றாக 4 தடவை ஏற்ற வேண்டும் என்றார்கள். அது இதயத்தைப் பாதிக்கலாம் என்று சொல்லி, எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்துத்தான் டாக்டர் ஆரம்பித்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அந்தப் பயத்தை டவுனில் ஒரு மூலிகைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "தம்பி, சிவப்பு மருந்து ஏத்தினா ஹார்ட் போயிரும். இது கிரீன் டீ சாறு, மஞ்சள் சாறு. இலைதானே, என்ன கெடுதல்?" என்று ஏதோ ஆராய்ச்சித் தாளையும் காட்டினார். மாதத்துக்கு 18,500 ரூபாய். அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கினேன். டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்றார். அதற்கும் தலையாட்டினேன், அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மூன்றாவது தடவைக்கு விடியக்காலை பஸ் ஏறிப் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏறியிருந்ததால் மருந்து ஏற்றாமலே அனுப்பிவிட்டார்கள். டாக்டர் துருவிக் கேட்ட பிறகுதான் போத்தலைக் காட்டினேன்.

கோப்பையில் குடிக்கிற தேநீர் வேறு, சாரத்தை இறுக்கி அடைத்த குளிசை வேறு என்றார். கிரீன் டீயிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் குளிசையாக நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் ஈரல் பாதிப்பின் அறிகுறி தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இலேயே சொல்லியிருக்கிறது. எங்கள் போத்தல் கணக்குப்படி 1,000. கடைக்காரரின் தாளோ எலிகளில் செய்த ஆய்வு! மனிதரின் இதயத்தை இவை காக்கும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. இந்த மாதிரிச் சாறுகள் கீமோவின் வேலையையே குறைத்துவிடலாம் என்ற கவலையும் டாக்டர்களுக்கு உண்டு.

இதயத்துக்கான ஆபத்து, ஏற்றிய மருந்தின் மொத்த அளவைப் பொறுத்தது. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் அது வேகமாக ஏறுமாம். அம்மாவுக்கு நான்கு தடவையும் சேர்த்தே 240. முதல் நாளே கேட்டிருந்தால் டாக்டர் இதைச் சொல்லியிருப்பார்.

குளிசையை நிறுத்தி இரண்டு வாரத்தில் எண்கள் இறங்கின, மூன்றாவது மருந்தும் ஏற்றியாயிற்று. கடைக்காரர் பணம் தரவில்லை. பில்லும் கொடுக்காதவர், "திறந்த போத்தலை எப்படித் திருப்புறது?" என்கிறார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 எண்ணுக்கு அழைத்து முறையிட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு போத்தல் இருந்தால், அடுத்த கிளினிக்குக்கு அதையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.