ஆண்குறியின் மென்திசுக் கட்டி: உடனே அகற்றுவதா, துணுக்கெடுத்துப் பார்ப்பதா?

ஆண்குறியில் வரும் புற்றுநோய்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தோலின் மேற்படலத்திலுள்ள தட்டையான செதிள் செல்களில் தொடங்குபவை. புண்ணாகவோ தடிப்பாகவோ வெளியே தெரிந்துவிடும். தோல் மாசின்றி இருக்க, அதனடியில் முடிச்சு தட்டுப்பட்டால் நரம்பிலோ இரத்தக்குழாயிலோ மென்தசையிலோ எழுந்த அரிய கட்டியாக அது இருக்கலாம்.

படமெடுப்பதில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளருடன் கூடிய அல்ட்ராசவுண்ட் மலிவானது, விரைவானது. நீர்க்கட்டி, இரத்தக்குழாய்க் கட்டி போன்றவற்றை அதிலேயே பெரும்பாலும் இனங்காணலாம். ஆனால் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதற்கு எம்.ஆர்.ஐ.யே நம்பகமானது. விறைப்புத் திசுவைப் போர்த்தியிருக்கும் வெண்ணார் உறை அந்தப் படத்தில் மெல்லிய கருங்கோடாகத் தெரியும். அக்கோடு அறுபடாமல் இருக்கிறதா என்பதைத்தான் அறுவை மருத்துவர் முதலில் தேடுவார்.

துணுக்கெடுப்பதில்தான் கருத்து வேறுபாடு அதிகம். மெல்லூசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி.யில் உதிரிச் செல்களே கிடைக்கும் என்பதால், இருமுனையும் கூர்ந்து நீண்ட கதிர்வடிவச் செல்கள் தெரிந்தாலும் அவை புற்றல்லாத மென்தசைக் கட்டியான லியோமையோமாவா, மென்தசைப் புற்றான லியோமையோசார்கோமாவா என்று பிரித்துச் சொல்வது கடினம். தடித்த ஊசியால் எடுக்கும் கோர் பயாப்சியில் திசுவின் அமைப்பு குலையாது. செல்லிலுள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் சாயச் சோதனைகளுக்கும் அது போதும். எஸ்-100 புரதத்துக்கான சாயத்தை ஏற்பது ஷ்வானோமா என்னும் நரம்புறைக் கட்டிக்கும், டெஸ்மின் புரதத்துக்கானதை ஏற்பது தசைக் கட்டிக்கும், ஐ.என்.ஐ.-1 புரதத்தின் இழப்பு எபிதெலியாய்டு சார்கோமா என்னும் அரிய மென்திசுப் புற்றுக்கும் வலுவான தடயங்கள். இந்தக் கடைசி வகை, வெண்ணார் உறையில் தழும்பு விழுந்து குறி வளையும் பெரோனி நோயின் தழும்புபோலவே கெட்டியாகத் தொடங்கி, குறியை வளைத்து, ஏமாற்றக்கூடியது. ஆகவே தொடர்ந்து வளரும் தழும்பையும், மேல்தோல் புண்ணாகும் தழும்பையும் பயாப்சியின்றி விட்டுவைக்கக் கூடாது.

தோலோடு நகரும் சிறு முடிச்சை முழுதாக எடுத்து அனுப்புவதில் தவறில்லை. கை கால்களில் 3 சென்டிமீட்டர் வரையிலான மேலோட்டமான கட்டிகளை அப்படி எடுப்பதுண்டு. இந்த உறுப்பிலோ 3 சென்டிமீட்டர் என்பதே பெரிய கட்டி. ஆழத்தில் பதிந்ததை முன்னறிவின்றி வெட்டினால், புற்றாக இருக்கும்பட்சத்தில் அதன் செல்கள் சுற்றுத் திசுக்களில் சிதறும். அடுத்த அறுவையில் மேலும் அதிகமாக வெட்ட நேரிடும்.

அறுவையின் அளவைத் தீர்மானிப்பது கட்டியின் வகைதான். ஷ்வானோமாவில் நரம்பிழைகள் உறையின்மேல் விரிந்து கிடக்கும். அவற்றை ஒதுக்கி, உறையைக் கீறி, உள்ளிருப்பதை மட்டும் தோண்டியெடுத்தால் உணர்ச்சி பெரும்பாலும் தப்பும். மேலோட்டமான லியோமையோசார்கோமாவுக்குச் சுற்றிலும் நல்ல திசுவோடு சேர்த்து அகற்றுவது பொருந்தும். விறைப்புத் திசுவுக்குள் புகுந்ததற்குப் பகுதியாகவோ முழுதாகவோ உறுப்பையே நீக்க நேர்வதுண்டு. லியோமையோசார்கோமா பெரும்பாலும் இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் பரவுவதால், செதிள் செல் புற்றைப்போலத் தொடையிடுக்கு நிணநீர்க்கணுக்களை வழக்கமாக அகற்றுவதைவிட மார்பு சி.டி.க்கே முன்னுரிமை, எபிதெலியாய்டு சார்கோமா கணுக்களுக்கும் பரவும் என்பதால் அது விலக்கு.

பகுதி நீக்கத்தில் மிஞ்சும் நீளம் நின்றபடி சிறுநீர் கழிக்கப் போதாதென்றால், விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே புதிய திறப்பு அமைக்கப்படும். அதன்பின் உட்கார்ந்துதான் கழிக்க வேண்டியிருக்கும் என்பதை ஒப்புதல் படிவம் நீட்டப்படும் முன்பே நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும்.