பழைய மினி டிராக்டருக்கு பிளேடு ஃபியூஸ் பாக்ஸ் போட்ட அனுபவம்

நம்ம பழைய மினி டிராக்டர்ல லைட் சுவிட்ச் போட்டாலே ஃபியூஸ் போயிடும், அதுவும் அந்தக் காலத்து கண்ணாடி ஃபியூஸ், ஹோல்டர் பச்சை பூத்துப் போய் குலுங்குறப்பெல்லாம் லைட்டு கண்ணடிக்கும், வெறுத்துப் போய் இந்த 6 வழி பிளேடு ஃபியூஸ் பாக்ஸ் (தட்டையா ரெண்டு கால் வச்ச ஃபியூஸ் ஆறு சொருகுற பாக்ஸ்) வாங்கிட்டேன். பாக்ஸ் சூப்பர். மூடி டைட்டா உட்காருது, சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20னு கலர் பாத்தே மாத்திக்கலாம். ஆனா கூட வந்த வயர் ரொம்ப சன்னம், அத ஓரமா போட்டுட்டு தடிமனா வேற வாங்கிப் போட்டேன். 55 வாட் பல்பு ரெண்டு எரிஞ்சா 12 வோல்ட்ல 9 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதுக்கு 15 ஆம்பியர் போதும். 15 நிக்காம போயிட்டே இருக்குன்னு 30 போட்டுடாதீங்க, ஃபியூஸ் நிக்கும் வயர் எரியும்!

இன்னொன்னு, பாக்ஸ் மாத்தின பிறகும் எனக்கு ஒரு ஃபியூஸ் போயிட்டேதான் இருந்துச்சு, பாக்ஸ் மேல கோவப்பட்டு ஸ்டார் குறைக்கப் போனேன், கடைசில பாத்தா பின் லைட்டுக்குப் போற வயர் ஃபெண்டர் (மட்கார்டு) ஓட்டைல உரசி தோல் உரிஞ்சு பாடியத் தொட்டுட்டு இருக்கு. ரப்பர் வளையம் போட்டதும் சரியாயிடுச்சு. எர்த் வயர பாடியோட சேக்குற போல்ட்டையும் உப்புத்தாள் வச்சு தேய்ச்சேன், மங்கலா எரிஞ்ச லைட்டு பளிச்சுன்னு ஆயிடுச்சு. வயருக்காக மட்டும் ஒரு ஸ்டார் கம்மி.