மோர்கோன் கோட் டு பி: குளிர்ச்சியாக ஊற்ற வேண்டிய சிவப்பு ஒயின்

பிரான்ஸின் ஒயின் பகுதியான போஜொலே என்றாலே நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை கடைக்கு வரும் நூவோ, அதாவது அந்த ஆண்டின் புது ஒயின்தான் பலருக்கு ஞாபகம் வரும். மோர்கோன் அந்தக் கணக்கில் சேராது. திராட்சை அதே கமேதான். ஆனால் போஜொலேயில் தன் பெயரிலேயே ஒயின் விற்கும் பத்து சிறப்பு இடங்களான 'க்ரூ'க்களில் ஒன்று இது. நூவோவாக விற்க விதியே இடம் தராது. இங்கே சொல்லப்போவது ஒயின் தயாரிப்பாளர் ழான் ஃபுவாயாரின் 'கோட் டு பி' பற்றி. அது ஒரு குன்றின் பெயர். வில்லியே-மோர்கோன் ஊரை ஒட்டிய அந்தக் குன்றின் நீலக் கல் மண், கமேவுக்கு மற்ற இடங்களில் கிடைக்காத கனத்தைக் கொடுக்கிறது.

குலைகளைக் காம்போடு தொட்டியில் போடுகிறார்கள். அடியில் நசுங்கிய பழம் நொதித்து கரியமில வாயு மேலெழும்ப, உடையாத பழங்கள் தமக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். தோலும் விதையும் அதிகம் கசங்காததால் துவர்ப்பு அடங்கி, பழ வாசம் தூக்கலாக இருக்கிறது. பிறகு பழைய ஓக் பீப்பாயில் வளர்வதால் வனிலா வாடை ஏறுவதில்லை. முகர்ந்தால் செர்ரி, ராஸ்பெர்ரி, பின்னால் பூ வாசம், லேசாக மிளகு. வாயில் ஊறவைக்கும் புளிப்புதான் இதன் உயிர். ஐந்தாறு ஆண்டுகள் வைத்தால் பழம் பின்வாங்கி, காளானும் ஈர மண்ணும் முன்னே வரும். பினோ நுவார் திராட்சையின் ஒயினோ என்று சந்தேகம் வரும். 2018, 2020, 2022 வெயில் ஆண்டுகள், அவற்றில் ஆல்கஹால் கூடுதல். 2021 மெலிந்தது, புளிப்பு தெளிவானது. சாப்பாட்டுக்கு அதுவே எனக்கு உசத்தி.

பெரும்பாலோர் கெடுப்பது சூட்டில்தான். 13 முதல் 15 டிகிரி சரியான அளவு. 25 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் ஏறி, பழம் ஜாம் மாதிரி ஆகிவிடும். 6 டிகிரியில் வாசம் மூடிக்கொண்டு துவர்ப்பு மட்டும் துருத்தும். 30 டிகிரி அறையில் இருந்த பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜில் சுமார் இரண்டு மணி நேரம், ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போதும். அகன்ற கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள்.

திறந்ததும் தீக்குச்சி உரசிய வாடை வந்தால் பயப்பட வேண்டாம். டிகாண்டரில் (ஒயினுக்குக் காற்றுப்படவிடும் அகன்ற குடுவை) அரை மணி நேரம் விட்டால் போய்விடும். நாக்கில் லேசாகக் குத்தும் வாயுவும் அப்படியே போய்விடும். விழுங்கிச் சில நொடிகள் கழித்து எலிக்கூண்டு வாடை தொண்டையில் எழுந்தால் அது பழுதுதான். கிளாஸில் முகர்ந்தால் அது தெரியாது, எச்சிலில் புளிப்பு குறைந்த பிறகே வெளிவரும். கெடாமல் காக்கும் கந்தகம் மிகக் குறைவாகச் சேர்த்த ஒயினுக்கு இந்த ஆபத்து அதிகம். 14 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வைத்திருந்த பாட்டில் மறுபடி நொதிக்கவும் கூடும். குளிர்ந்த அறை இல்லாத கடையில் வாங்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு லியோன் நகரத்து வழியே வழி. ரோஸெத் சொஸிசோன் (உலர்ந்த பன்றி சாசேஜ்), பன்றி டெரீன் (அச்சில் வேகவைத்த கொத்திறைச்சி), கடுகுச் சாறோடு அந்துயெத் (குடல் சாசேஜ்), உப்பிட்ட பன்றியோடு வேகவைத்த பயறு: இவற்றின் கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டி, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்கிறது. தோல் மொறுமொறுவென வறுத்த கோழி இன்னும் பொருத்தம். துவர்ப்பு குறைவென்பதால் தணலில் வாட்டிய சூரை மீனும் ஒத்துப்போகும். மிளகாய்க் காரத்தோடும் மற்ற கனத்த சிவப்புகளை விட இது தேவலை, நன்றாகக் குளிர்த்திருந்தால். தடித்த மாட்டு ஸ்டேக்குக்கு முன் இது தோற்கும், அதற்குக் கஹோர் என்ற கனத்த சிவப்பு ஒயினை எடுங்கள். ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியும் வினிகர் தூக்கலான சாலட்டும் இதன் பழத்தை அடித்துவிடும். இனிப்போடு குடித்தால் வெறும் புளிப்பே மிஞ்சும்.

திறந்த பாட்டில் கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் வெங்காயமும் பன்றிக் கொழுப்பும் வதக்கி, மிச்ச ஒயினைப் பாதியாகச் சுண்டவிட்டு, முட்டையை உடைத்து ஊற்றி வேகவிடுங்கள்.