'நோஸ்ஃபெராட்டு'வுக்கு எது பொருந்தும்: பியானோவா, ஆர்கனா, இசைக்குழுவா?

1922 மார்ச் 4 அன்று பெர்லினில் இயக்குநர் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' என்ற ரத்தக்காட்டேரிப் படம் ஜெர்மனியில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, ஹான்ஸ் எர்ட்மன் எழுதிய இசையை வாத்தியக் குழு அரங்கிலேயே வாசித்தது. அந்த இசைக்குறிப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆகவே இன்று இந்த மௌனப்படத்துக்கு நேரடி இசை வைப்பவர்கள் வாத்தியத்தைத் தாங்களே தேர்ந்தாக வேண்டும்.

பியானோவில் செலவு குறைவு, ஒத்திகையும் அதிகம் வேண்டாம். வாசிப்பவர் திரையைப் பார்த்தபடியே வேகத்தை மாற்றலாம். ஆனால் கட்டையைத் தட்டிய நொடியிலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். கப்பலின் அடித்தளத்தில் ரத்தக்காட்டேரியான ஓர்லோக் பிரபு சவப்பெட்டியிலிருந்து விறைப்பாக எழும் காட்சிக்குத் தேயாத ஒலி வேண்டும். பலரும் இங்கே இரண்டு கட்டைகளை மாறி மாறி அதிரவிடுவார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் காது சலித்துவிடும். வலது பெடலை மிதித்துக்கொண்டு, உள்ளேயிருக்கும் தடித்த கம்பிகளை உள்ளங்கையால் தேய்ப்பது இதைவிட நன்றாக வேலை செய்யும்.

குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் ஆர்கனில் இந்தக் குறை இல்லை. விரல் அழுத்தியிருக்கும்வரை ஒலி நிற்கும். 16 அடிக் குழாயின் அடிஸ்வரம் சுமார் 33 ஹெர்ட்ஸ்; அதை உடம்பே உணரும். மாடிப்படிச் சுவரில் நிழல் ஏறும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி எனக்குத் தெரியாது. ஆனால் ஓங்கித் தட்டினாலும் ஒலி அதிகமாகாது; குழாய் அறையின் கதவுப் பலகைகளைக் கால் பெடலால் திறந்துதான் கூட்ட வேண்டும். குழாய்கள் 20 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி வந்துசேரவே சுமார் 0.06 நொடி ஆகும். அதிர்ச்சிக் காட்சிகளில் கை அந்த அளவு முந்த வேண்டும். தியேட்டர் ஆர்கனின் நடுக்க ஒலி காதல் காட்சிக்குரியது, ஓர்லோக் வந்தால் அதை அணைத்துவிட வேண்டும். தேவாலய ஆர்கன் என்றால் எதிரொலி அடங்கப் பல நொடிகள் பிடிக்கும். காட்சி வெட்டுப்படுவதற்கு முன்பே கையை எடுக்காவிட்டால் பழைய ஸ்வரம் அடுத்த காட்சிக்குள் வழியும்.

எழுதிய இசையோடு வரும் பெரிய குழுவில் சிக்கல் பெரும்பாலும் ஓட்ட வேகத்தில்தான். நொடிக்கு 18 பிரேம் வீதம் 94 நிமிடம் ஓடும் பிரதி, 24 பிரேமில் ஓடினால் சுமார் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். குழுவின் கையில் 24 நிமிட இசை மிஞ்சும். அரங்கில் ஓடப்போகும் அதே பிரதியை வைத்து முழு ஒத்திகை பார்க்காமல் மேடையேறக் கூடாது. இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு இந்த ஆபத்திலிருந்து ஓரளவு தப்பும். அமெரிக்காவின் அல்லாய் ஆர்கெஸ்ட்ரா மூவர், பழைய இரும்புச் சாமான்களையும் கீபோர்டையும் கொண்டே இத்தகைய படங்களுக்கு இசைத்தார்கள்.

எந்த வாத்தியமானாலும் ஓர்லோக்கின் குதிரைவண்டி வேகமூட்டிய படமாகப் பறக்கும் இடத்தில் துரத்தல் இசை வேண்டாம், அரங்கம் சிரித்துவிடும். மெதுவாக, தாழ்ந்த ஸ்தாயியில் வாசித்தால் அந்த வேகமே அமானுஷ்யமாகத் தெரியும்.

சிறு அரங்கில் ஒரே ஒரு திரையிடல் என்றால் என் தேர்வு பியானோவும், பெரிய வயலின் போன்ற ஒரு செல்லோவும்: பியானோவில் தேயும் ஒலியைச் செல்லோவின் வில் பிடித்துவைக்கும். 1925இன் மௌனப்படமான 'பாந்தம் ஆஃப் தி ஆபரா'வுக்கு மட்டும் ஆர்கனை விடக் கூடாது. முகமூடி அணிந்த பாந்தம் திரையிலேயே ஆர்கன் வாசிக்கிறான். முகமூடி பறிக்கப்படும் கணத்தில் அவன் கையோடு சேர்ந்து அரங்கின் ஆர்கனும் நின்றாக வேண்டும்.