பாக்ஸிங்கில் எந்த நாடு கெத்து: அமெரிக்காவா, கியூபாவா, மெக்சிகோவா?

எண்ணிக்கைதான் கணக்கு என்றால் இந்த அலசலே வேண்டாம், அமெரிக்காதான். ஒலிம்பிக்கில் 50 தங்கம், காசுக்கு ஆடும் தொழில்முறையில் ஜோ லூயிஸ், சுகர் ரே ராபின்சன், முகமது அலி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதிலும் லூயிஸ் 1937-லிருந்து 1949 வரை ஹெவிவெயிட் பட்டத்தை வைத்துக்கொண்டு 25 முறை காப்பாற்றியவர்.

ஆனால் அந்த 50-ஐக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைக்கு இறங்கியவர்கள் எல்லாருமே அமெரிக்கர்கள், வேறு நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை, அப்புறம் பதக்கம் வேறு எங்கே போகும்? 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 9 தங்கம் அள்ளியபோது கியூபாவும் சோவியத் யூனியனும் வரவே இல்லை. (1980 மாஸ்கோவில் கியூபா 6 தங்கம் எடுத்தபோது அமெரிக்கா வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள்.) 2004-ல் ஆண்ட்ரே வார்டு எடுத்ததற்குப் பிறகு அமெரிக்க ஆண்கள் யாருக்கும் ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லை. பெண்களில் கிளாரெஸா ஷீல்ட்ஸ் 2012, 2016 இரண்டிலும் எடுத்து மானத்தைக் காப்பாற்றினார்.

கியூபா கட்சிக்காரர்கள் எங்கள் நீலகிரிப் பக்கம் நிறைய. குன்னூர் பக்கத்து வெலிங்டனில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த அண்ணன்களிடம் பேச்சுக் கொடுத்தால் "தம்பி, கியூபாதான், வேற பேச்சே இல்ல" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு கோடி ஜனம், முதல் தங்கமே 1972-ல்தான், நடுவில் 1984, 1988 இரண்டுக்கும் போகவில்லை, அப்படியும் இன்று 42 தங்கம். தியோஃபிலோ ஸ்டீவன்சன், ஃபெலிக்ஸ் சாவோன் இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று. 1992 பார்சிலோனாவில் மட்டும் 7.

இதில் ஒரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. புரட்சிக்குப் பிறகு 1960-களின் தொடக்கத்திலேயே கியூபா தொழில்முறை விளையாட்டைத் தடை செய்துவிட்டது, அதனால் அவர்களுடைய முதல்தர ஆட்கள் முப்பது வயது தாண்டியும் அமெச்சூராகவே (காசுக்கு ஆடாதவர்களாகவே) இருந்தார்கள். எதிரே நிற்பவர்களோ அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன், லெனர்ட் மாதிரி ஒரு தங்கம் எடுத்ததும் ஆட்கள் காசுக்கு ஆடப் போய்விடும் அமெரிக்காவின் அடுத்த செட் பையன்கள். சாவோன் பெரிய ஆள்தான், ஆனால் மூன்றாவது ஒலிம்பிக்குக்கு வந்த அனுபவசாலி இருபது வயதுப் பையனை அடிப்பதை வைத்து மட்டும் ஒரு நாட்டுக்குக் கிரீடம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, மெக்சிகோ. என் ஓட்டு இதற்குத்தான். ஒலிம்பிக்கில் பார்த்தால் பரிதாபம், மொத்தமே 2 தங்கம், இரண்டும் 1968-ல் சொந்த ஊரில் எடுத்தவை. தொழில்முறை ரிங்குக்கு வந்தால் கதையே வேறு: ரூபன் ஒலிவாரெஸ், சால்வடோர் சாஞ்சஸ், ரிக்கார்டோ லோபெஸ், மார்கெஸ், கனேலோ. ஹுலியோ சேசர் சாவெஸ் 90 சண்டை வரை ஒன்றுகூடத் தோற்கவில்லை (ஒன்று மட்டும் டிரா), முதல் தோல்வி 1994-ல்தான். கனேலோ 15 வயதிலேயே காசுக்கு ஆட வந்தவர். பதக்கம், அரசு வேலை என்று காத்திராமல் சின்ன ஊர்ச் சண்டைகளில் அடிபட்டே தொழில் கற்கிறார்கள், விலாவுக்குக் கீழே ஈரலைப் பார்த்து விடும் அந்த லெஃப்ட் ஹூக் (இடக்கையை வளைத்து விடும் குத்து) ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு அப்படியே போகிறது.

இங்கே மலைக்காரர்களாகிய நமக்கு ஒரு நப்பாசை உண்டு. மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், ஊட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம், காற்று லேசான இடத்தில் மூச்சு பலப்படும், அதனால் தொட்டபெட்டா ரோட்டில் ஓடினாலே போதும் என்று. போதாது. சாவெஸ் வளர்ந்த கூலியாகான் சமவெளி ஊர், கியூபாக்காரர்கள் தீவுக்காரர்கள், உலக சாம்பியன் அசுமா நெல்சனைத் தந்த கானாவின் புகோம் அக்ராவின் கடலோரப் பேட்டை. உயரத்தில் பயிற்சி எடுப்பது சண்டைக்கு முன்னால் உடம்பைத் தேற்ற உதவும், அவ்வளவுதான். தெருவுக்கு ஒரு ஜிம்மும் வாரம் தவறாமல் சண்டையும் இருக்கிற இடத்தில்தான் பாக்ஸர் உருவாகிறார், அது குன்னூரிலும் கிடையாது கோத்தகிரியிலும் கிடையாது.

தலைக்கு இத்தனை என்று பார்த்தால் போர்ட்டோ ரிக்கோ எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சுமார் 32 லட்சம் பேர், நம் நீலகிரி மாவட்டத்தைப் போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேல். அதற்குள்ளிருந்து வில்ஃப்ரெடோ கோமெஸ், ஃபெலிக்ஸ் டிரினிடாட், மிகெல் கோட்டோ, அப்புறம் 1976-ல் 17 வயதிலேயே உலக சாம்பியன் ஆன வில்ஃபிரெட் பெனிட்டெஸ். பாக்ஸிங்கில் ஒலிம்பிக் தங்கம் மட்டும் இன்னும் இல்லை.

'எங்கள் நாட்டுக்கு இத்தனை உலக சாம்பியன்' என்கிற பட்டியல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு காலத்தில் 8 எடைப்பிரிவு, பிரிவுக்கு ஒரு சாம்பியன். இப்போது 17 பிரிவுக்கு மேல், சாம்பியன் பெல்ட் கொடுக்கும் பெரிய அமைப்புகளே நான்கு. யாரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்பது அடுத்த தலைவலி: ஹோசே நாபோலெஸ் பிறந்தது கியூபாவில், ஆடியது மெக்சிகோவிலிருந்து. ஆஸ்கர் டி லா ஹோயா 1992-ல் தங்கம் எடுத்தது அமெரிக்காவுக்கு, அப்பா அம்மா மெக்சிகோக்காரர்கள்.

பிரிட்டனுக்கு, இன்றைய பாக்ஸிங்குக்கு அடித்தளமான 1867-ன் குவீன்ஸ்பெரி விதிகளுக்காக ஒரு சலாம், பிலிப்பைன்ஸுக்கு எட்டு எடைப்பிரிவில் பட்டம் வென்ற பாக்கியாவ் ஒருவருக்காகவே ஒரு சலாம். இந்தியாவுக்கு விஜேந்தர் (2008), மேரி கோம் (2012), லவ்லினா (டோக்கியோ) மூலம் மூன்று வெண்கலம், இந்தப் பேச்சில் நாம் இன்னும் பார்வையாளர்தான்.

அடுத்த பத்து வருஷத்துக்கு யார் என்று கேட்டால் நான் இந்த மூன்று நாட்டையும் சொல்ல மாட்டேன். பாரிஸ் 2024-ல் உஸ்பெகிஸ்தான் ஆண்கள் மட்டும் 5 தங்கம் எடுத்தார்கள், அமெரிக்காவுக்கு ஒரே ஒரு வெண்கலம். கியூபாவில் 2022 வரை இருந்த மாதிரி இவர்களுக்குத் தொழில்முறைக்குப் போகத் தடையும் கிடையாது.